அத்தையின் ரத்தத்தில் தெரிந்தது

பீர்மேடு
14 ஜூன் 1976

அன்புள்ள புஷ்பத்துக்கு,

மாதா துணையால் இங்கே நானும் உன் அண்ணனும் அத்தையும் சுகம். நீயும் ஏசுரத்தினம் அண்ணனும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. குட்டிக்கானத்துக்குக் கீழே மண் சரிந்து பஸ் நின்றதால் தபாலும் நின்றுபோயிற்று. அதனால்தான் தாமதம்.

அத்தையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறார்கள். குளிர் மட்டும் கூடுதலாகப் படுகிறது. மறதி கொஞ்சம் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும்போது மேல் லயத்து வீடுகள் பக்கம் போய்விட்டார்கள். மஞ்சு இறங்கி எதிரே ஒன்றும் தெரியாததால் வழி பிசகியிருக்கும். அங்கே இருந்தவர்கள் கூட்டிவந்து விட்டார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகளின் போட்டோவை அத்தையிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சின்னவனுக்குக் காது வலி தீர்ந்ததா? எழுது.

அன்புள்ள மதினி,
சூசையம்மாள்

கோபாலபுரம்
2 ஜூலை 1976

அன்புள்ள மதினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் காது சரியாகிவிட்டது. அண்ணன் சுகத்துக்கும் உங்கள் சுகத்துக்கும் ஆண்டவரை மன்றாடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உங்கள் எஸ்டேட் பக்கத்திலிருந்து பொள்ளாச்சிக்கு லோடு கொண்டுபோன லாரிக்காரர் ஒருவர் போன வாரம் எங்கள் ஊர்க் கேரள எல்லைச் செக்போஸ்டில் வண்டியை நிறுத்திவிட்டு இவருடைய சைக்கிள் கடைக்கு வந்தார். நான் செபமாலையம்மாளின் மகள் என்று தெரிந்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அம்மா லயத்தில் வீடு வீடாகப் போய் நிற்கிறாளாம். "மருமவ சோறு போட மாட்டேங்கா" என்று சொல்லி, கொடுத்ததை வாங்கித் தின்கிறாளாம்.

நான் என்ன நினைக்க வேண்டும், மதினி? அப்பா செத்தபிறகு தேயிலைக் கொழுந்தெடுத்தே எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியவள் அவள். எந்த வீட்டு வாசலிலும் போய் நின்றவள் இல்லை. நீங்களோ கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதுகிறீர்கள்.

அவளுக்கு வேளாவேளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிவிக்கவும்.

மரியபுஷ்பம்

பீர்மேடு
20 ஆகஸ்ட் 1976

அன்புத் தங்கை புஷ்பத்துக்கு அண்ணன் சுவக்கீன் எழுதுவது.

உன் கடிதத்துக்கு உன் மதினி பதில் எழுதவில்லை என்று வருத்தம் வேண்டாம். அவளுக்கு வலது கையில் கொஞ்சம் சுகமில்லை. பேனா பிடிக்க முடியவில்லை. முதலில் தான் சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னாள், பிறகு வேண்டாம் என்றுவிட்டாள். நான் இப்போது அவளுக்குத் தெரியாமல் ஃபேக்டரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சுகமில்லை. அதுதான் உண்மை. காலையில் என்னைத் தெரிகிறது, சாயங்காலம் தெரிவதில்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு மெதுவான குரலில், "ஏலே, அடுப்படியில நிக்காளே, அவ யாரு? எப்பப் போவா?" என்று கேட்டாள். சூசைக்குக் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காட்டினோம். வயதானால் இப்படித்தான், சத்து மாத்திரை கொடுங்கள் என்றார்கள். கொடுத்துப் பார்த்தோம்.

ஒருமுறை வந்து உன் கண்ணால் பார்த்துவிட்டுப் போ. அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்,
சுவக்கீன்

கோபாலபுரம்
19 செப்டம்பர் 1976

அன்புள்ள மதினிக்கு,

அம்மாவைச் சேதமில்லாமல் கூட்டிவந்து சேர்த்துவிட்டேன். கோட்டயத்திலும் திருச்சூரிலும் பஸ் மாறியபோது கொஞ்சம் சிரமம். பாலக்காட்டுக்குப் பிறகு தூங்கிவிட்டாள்.

புறப்படும்போது உங்களிடம் நான் சரியாக முகம் கொடுக்கவில்லை. அம்மாவை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன தோரணையும் சரியில்லை. இங்கே வந்தபிறகு நடந்ததை எழுதுகிறேன், நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

முதல் வாரம் ஒரு மத்தியானம் அம்மாவைக் காணவில்லை. தேடினால் செக்போஸ்டில் போலீஸ்காரரோடு நின்றுகொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டுவிட்டது, சுவக்கீனை அழைக்கப் போகிறேன், இந்தக் கம்பைத் தூக்குங்கள் என்று அவரோடு வழக்கு. இவர் ஓடிப்போய், "அத்தை, பையன் ஊட்டுக்கு வந்துட்டானுங்க, வாங்க போலாமுங்க" என்று சொன்னபிறகுதான் நடந்தாள்.

நேற்றுக் கடையில் பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடம், என் மகள் எனக்குச் சோறே போடுவதில்லை என்றிருக்கிறாள். அவள் சாப்பிட்ட தட்டை நான் அப்போதுதான் கழுவிக் கவிழ்த்திருந்தேன். வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மதினி. அதே பார்வையைத்தான் நான் பீர்மேடு வரை சுமந்து வந்து உங்கள்மேல் இறக்கினேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால் போதாது என்று தெரியும்.

உங்கள் கை எப்படி இருக்கிறது? நான் அங்கே இருந்த இரண்டு நாளும் சேலைத் தலைப்பால் மூடியே வைத்திருந்தீர்கள். நானும் கேட்கவில்லை.

அன்புடன்,
புஷ்பம்

பீர்மேடு
3 அக்டோபர் 1976

அன்புள்ள புஷ்பத்துக்கு,

அத்தை சுகமாகப் போய்ச் சேர்ந்தது குறித்துச் சந்தோஷம். நீங்கள் எல்லோரும் நன்றாயிருக்க வேண்டும். கை ஆறிவிட்டது. பார், நானே எழுதுகிறேன்.

நீ வருந்த வேண்டாம். உன் அம்மா வாசலில் போய் நின்றால் உனக்குக் கோபம் வராமல் பின் யாருக்கு வரும்?

எனக்குத் தெரிந்த சிலதைச் சொல்கிறேன், உனக்கு உதவலாம். சாப்பிட்டபிறகு சோறு கேட்டால் இப்போதுதானே சாப்பிட்டீர்கள் என்று சொல்லாதே. அழுகை வரும். ஒரு வாய் கடுங்காப்பி கொடு, அதோடு அந்த எண்ணம் போய்விடும். பின்னால் நின்று கூப்பிடாதே, முன்னால் வந்து முகம் காட்டிப் பேசு. குளிக்க வைக்கும்போது முதலில் பாதத்தில் வெந்நீர் ஊற்று. தண்ணீர்ப் பாத்திரத்தை அவர்கள் கை எட்டாத இடத்தில் வை.

செபமாலை சொல்ல ஆரம்பித்தால் கூடவே சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒரு வார்த்தை பிசகாது. மற்றதெல்லாம் போனாலும் அது எங்கோ பத்திரமாக இருக்கிறது.

வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

அன்புள்ள,
சூசையம்மாள்

கோபாலபுரம்
30 அக்டோபர் 1976

அன்புள்ள மதினிக்கு,

அனைவரும் நலம். நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். கடுங்காப்பி நன்றாக வேலை செய்கிறது.

அம்மாவைப் பொள்ளாச்சியில் டாக்டர் செல்லத்துரையிடம் காட்டினோம். அதிகம் பேசாதவர், ஆனால் அவசரப்படுத்தவில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். முடிவு வந்தபிறகு எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அம்மாவின் ரத்தத்தில் கொழுப்பு இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறதாம். ரத்தத்தைத் தெளிய வைத்தபோது மேலே ஆடை படிந்தது போல் வெளுத்திருந்ததாம்.

அப்படிப் பல வருஷம் கூடியிருந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் படிந்து அடைக்கும், அடைத்த இடமெல்லாம் பட்டினி கிடந்து ஞாபகம் போகும் என்றார். ரத்தக் கொழுப்புக்கும் வயதான காலத்து மறதிக்கும் எவ்வளவு தூரம் சம்பந்தம் என்பதை மேல்நாட்டில் இப்போதுதான் ஆராய்கிறார்களாம். தீர்மானமாக யாரும் சொல்லவில்லையாம். தேங்காய், நெய், முட்டை, கறி எல்லாம் நிறுத்தச் சொன்னார்.

நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுவாளா என்று கேட்டேன். "போனது வராதுங்கம்மா. இருக்கிறது போகாம பாத்துக்கலாம்" என்றார்.

வரும் வழியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊருக்குப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

புஷ்பம்

பீர்மேடு
11 நவம்பர் 1976

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் வாசித்துவிட்டு ஃபேக்டரிக்குப் போனார். நானும் கோயிலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

போனது வராது என்றால் அத்தையை இங்கே கொண்டுவந்து விட்டுவிடு. உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வீடும் ரோடு பக்கத்தில், லாரி போகிற இடம். இங்கே என்றால் வழி தப்பினாலும் தேயிலைக்குள்தான் போவார்கள். எல்லோருக்கும் அவர்களைத் தெரியும். எனக்கும் பழகிவிட்டது.

உன்னால் முடியாது என்று சொல்லவில்லை. எனக்கு முடியும் என்று சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

சூசையம்மாள்

கோபாலபுரம்
7 டிசம்பர் 1976

அன்புள்ள மதினிக்கு,

சுகம். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பதில் எழுதுவதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. உங்கள் உதவி உடனே தேவைப்படுகிறது.

டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒரு மாதமாக அம்மாவுக்குக் கஞ்சியும் கீரையும் மோரும்தான். ஆனால் கொழுப்பு இறங்கவே இல்லை. தாளை இரண்டு தடவை படித்தார். "நான் போன தடவை அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்னு நினைக்கிறேன்" என்றார். வாய்வழியாகப் போகாத கொழுப்பு ரத்தத்தில் குறையாமல் நிற்கிறது என்றால் உடம்பு அதைச் செலவழிக்காமல் தேக்கி வைக்கிறது, ஏன் தேக்குகிறது என்று பார்க்க வேண்டும் என்றார்.

பிறகு அம்மாவை மண்டியிட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்ன ரப்பர்ச் சுத்தியால் தட்டினார். என் காலில் தட்டியபோது பாதம் வெடுக்கென்று துள்ளித் திரும்பியது. அம்மாவின் பாதம் துள்ளிவிட்டு, தூக்கத்தில் இருப்பவர் போல மெதுவாகத் திரும்பியது. மூன்று தடவை தட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கேள்வியாகக் கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கல்யாணமாகி வந்து எத்தனையோ வருஷமாகிறது, வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறவள் நான். கூட இருந்தவர்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். அம்மாவின் குரல் எப்போதும் இப்படித்தான் கட்டையாக இருக்குமா? முகம் ஊதியிருப்பது எப்போதிருந்து? குளிர் தாங்காமை, முடி கொட்டுவது, மலச்சிக்கல், தூக்கம், கோபம். மறதிக்கு முன்பே இவை வந்தனவா, பின்பா?

தெரிந்ததை எழுதுங்கள்.

புஷ்பம்

பீர்மேடு
13 டிசம்பர் 1976

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

எல்லாம் மறதிக்கு முன்பே வந்தவை. நான் கல்யாணமாகி வந்தபோது அத்தைக்கு நல்ல வெண்கலக் குரல். கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பது அவர்கள்தான். இரண்டு வருஷத்துக்கு முந்திய பாஸ்காவில், ஈஸ்டர் பூசையின்போது, பாதிப் பாட்டில் குரல் அடைத்துப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சளி என்று நினைத்தோம். அதன்பிறகு பாடவே இல்லை.

அந்த வருஷமே குளிர் பிடித்துக்கொண்டது. ஏப்ரல் வெயிலில் நாங்கள் வேர்த்து நிற்கும்போது அவர்கள் கம்பளிக்குமேல் கம்பளி போட்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்துவிட்டது. தோல் மாவு பூத்தாற்போல் வறண்டது. மலம் போவது பெரும் கஷ்டம், விளக்கெண்ணெய் கொடுப்பேன். உட்கார்ந்த இடத்தில் தூங்குவார்கள். முகம் ஊதியதை, சதை போடுகிறது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். மறதி அதற்குப் பிறகு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

கோபம் வருமா என்று கேட்டிருக்கிறார். வரும். ஆளைத் தெரியாததால் வருகிற பயம் அது. கோபம் என்று எழுத எனக்கு மனமில்லை.

டாக்டர் என்ன நினைக்கிறார்? தெரிந்ததும் ஒரு கார்டு போடு. நல்லது கெட்டது எதுவானாலும் போடு.

சூசையம்மாள்

கோபாலபுரம்
20 பிப்ரவரி 1977

என் அன்பான மதினிக்கு,

எல்லோரும் சுகம் என்று இன்று முழு மனதோடு எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்த அண்ணன் உங்களிடம் பாதி சொல்லியிருப்பார். உங்கள் கடிதத்தை டாக்டர் படித்துவிட்டு அன்றே மறுபடி ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவர் சந்தேகப்பட்டதே சரி. கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அம்மாவுக்கு அது ஏறக்குறைய நின்றேபோயிருந்தது. அது நின்றால் உடம்பே அணைந்த அடுப்பு மாதிரி ஆகிவிடுமாம். கொழுப்பு எரியாமல் ரத்தத்தில் தேங்கும், குரல் தடிக்கும், குளிரும், புத்தியும் மந்தமாகும். "கொழுப்பு நோயில்லீங்கம்மா. நோய் இருக்குன்னு சொல்ல வந்த ஆளு அது. நான்தான் அதையே திருடன்னு நினைச்சுட்டேன்" என்றார்.

பொங்கலுக்கு முன்பிருந்து மாத்திரை கொடுக்கிறோம். இருதயம் தாங்க வேண்டும் என்று முதலில் கால் மாத்திரை, பிறகு அரை. ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. நான் நம்பிக்கை விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் காலையில் கம்பளியை மடித்து வைத்துவிட்டு, புழுங்குகிறது என்றாள். மறுவாரம் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். போன செவ்வாய்க்கிழமை நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "ஏளா புஷ்பம், நான் எப்பளா இங்க வந்தேன்? சூச எங்க? அவளத் தனியா விட்டுட்டா வந்தேன்?" என்றாள்.

அரிசியை அப்படியே விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். அந்த மனிதர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எல்லாமே திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சில இடம் ஞாபகம் எழுதாத தாள் மாதிரி வெள்ளையாகவே நிற்கும் என்றும் சொன்னார். நின்றால் நிற்கட்டும்.

மதினி, கை விஷயத்தை அண்ணன் சொல்லிவிட்டார். அம்மா யாரோ என்று பயந்து கொதிக்கிற கஞ்சியைத் தட்டிவிட்டாள் என்றும், முழங்கை வரை வெந்துபோயிற்று என்றும், எனக்கு எழுதக் கூடாது என்று நீங்கள் சத்தியம் வாங்கியிருந்தீர்கள் என்றும். நான் அந்தச் சமயத்தில் உங்களுக்கு எழுதியிருந்த கடிதத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

டாக்டருக்கு நன்றி சொல்ல வாய் வருகிறது. உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உங்கள் தங்கை,
புஷ்பம்

கோபாலபுரம்
27 மார்ச் 1977

என் மகள் சூசைக்கு, அத்தை செபமாலையம்மாள் தன் கையால் எழுதுவது.

நான் சுகம். நீயும் சுவக்கீனும் சுகமாயிருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும். கன்னியர் மடத்தில் படித்தபோதும் கோணல்தான். அதற்கு நோயைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டு வருஷத்தில் பாதி எனக்கு இல்லை. மஞ்சுக்குள் நடந்தது போல அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிகிறது. யாரோ ஒரு பெண் என் காலில் வெந்நீர் ஊற்றினாள் என்று தெரிகிறது. அவளுக்குப் பயந்தேன் என்றும் தெரிகிறது. நீதான் என்று இப்போதுதான் விளங்குகிறது.

புஷ்பம் மறைக்கப் பார்த்தாள். நான் விடாமல் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன். வீடு வீடாகப் போய் உன்னைப் பழி சொன்னேனாம். உன் கையை வேக வைத்தேனாம். என்னைப் பெற்றவளுக்குக்கூட நான் அவ்வளவு நாள் செய்திருப்பேனா என்று யோசித்தேன். சொல்லத் தெரியவில்லை.

எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது. மாத்திரையை நானே மறக்காமல் போட்டுக்கொள்வேன். ஆனாலும் இன்னும் சில சமயம் பேச்சு நடுவில் வார்த்தை கிடைக்காமல் நிற்கிறேன். நீ பட்டது போதும் என்று நினைத்தால் ஒளிக்காமல் எழுது. நான் இங்கேயே இருந்துவிடுவேன். உன்மேல் ஒரு குறையும் நினைக்க மாட்டேன். பட்டவள் நீ. தீர்மானம் உன்னுடையது.

அத்தை

பீர்மேடு
2 ஏப்ரல் 1977

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மகன் புதன்கிழமை அங்கே வருவார். பாஸ்காவுக்கு நீங்கள் இங்கே இருக்க வேண்டும். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

உங்கள்,
சூசை

பீர்மேடு
6 மே 1977

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உன் சுகமும் ஏசுரத்தினம் அண்ணன் சுகமும் பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல். நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம்.

அத்தை வந்து ஒரு மாதமாகப்போகிறது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் செல்லத்துரையின் கடிதத்தைக் காட்டினோம். அவர்களும் அக்கறையாக வாசித்தார்கள், மாத்திரை வரவழைத்துத் தருகிறார்கள். பக்கத்து லயத்தில் ஒருவருக்குக் குரல் கம்மி முகம் ஊதியிருக்கிறது. அவரையும் ரத்தம் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்.

உனக்கு நான் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. போன ஜூலையில் நான் கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்தினேன். அத்தையைத் தனியே விட முடியவில்லை. எஸ்டேட் ஆள் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். உன் அண்ணன் சம்பளம் போதும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் வாசலைத் தாண்டிப் போகும்போது கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஏன் வேலைக்குப் போகவில்லை என்று அத்தை வந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன வாரம் எனக்குத் தெரியாமல் ஆபீசுக்கு நடந்துபோய், என் மருமகள் பெயரை மறுபடி சேர்க்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் பேசியிருக்கிறார்கள். இப்போதைக்குத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்ப வேண்டும். கூடையை எடுப்பதும் வைப்பதுமாக நின்றேன். அத்தை வந்து கூடையை என் தோளில் மாட்டிவிட்டு, "போயிட்டு வாளா. வீட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள்.

போனேன். ஆனால் கை கொழுந்தில் இருந்ததே தவிர மனம் முழுதும் வீட்டில்தான். அடுப்பை அணைத்தார்களா, கதவைத் திறந்துபோட்டு எங்காவது போய்விட்டார்களா என்று அடித்துக்கொண்டே இருந்தது. எடை போட்டதும் மற்றவர்களுக்குக் காத்திராமல் சரிவில் ஓடி வந்தேன். மூச்சு வாங்கக் கதவடியில் நின்றேன்.

வீடு கூட்டியிருந்தது. காய்ந்த துணி மடித்திருந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னை ஏறிட்டுப் பார்த்து, "ஏன் இப்படி ஓடியாற? கஞ்சி சூடாத்தான் இருக்கு. கையக் கழுவிட்டு உக்காரு" என்றார்கள்.

உட்கார்ந்தேன், புஷ்பம். அவர்கள் பரிமாறினார்கள்.

அன்புள்ள மதினி,
சூசையம்மாள்